மூன்று விரல்களும் ஒரு கையுறையும்

என் வலது கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் பார்க்க நன்றாகவே இருக்கும். மடங்கும், நிமிரும், சாக்பீஸ் பிடிக்கும், பேனா பிடிக்கும். அவை எதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பது மட்டும் எனக்குச் சரியாகத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பது வயதிலிருந்து இப்படித்தான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் மதுரையில் விடுதியில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதம். மழைக்கு எங்கள் கல்லூரிக்கு விடுமுறை விட்டதால் திண்டுக்கல்லில் வீட்டுக்கு வந்திருந்தேன். மத்தியானம் திடீரென்று காற்று கிளம்பியது. முன்னறை ஜன்னல் கதவு கொக்கி கழன்று அடித்துக்கொண்டது. "ஏண்டி, அந்தச் சன்னலச் சாத்தேன். கண்ணாடி ஒடஞ்சிரப் போவுது" என்று அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். சாத்தப் போனேன். காற்று கதவை என் மேல் திருப்பி எறிந்தது. தடுக்கக் கையை நீட்டினேன். கை கண்ணாடியைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது.

வலி உடனே வரவில்லை. கையை வெளியே இழுத்தபோது மணிக்கட்டில் வாய் திறந்த மாதிரி ஒரு வெட்டு இருந்தது. அதற்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இது என்னுடையதா என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. அம்மா வந்து பார்த்து, "சேசுவே" என்று ஒரு தடவை சொன்னாள். துண்டை எடுத்து இறுக்கிச் சுற்றி, என் கையைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவுக்கு நடத்திக்கொண்டு போய் ஆட்டோவை நிறுத்தினாள். ஊரில் ரத்தத்தை நிறுத்திவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வாத்தியாரான அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் சட்டையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகு டாக்டர் எனக்கே விளக்கினார். இன்ஜினியரிங் படிக்கிற பெண் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நரம்புங்கிறது ஒரே கம்பி இல்லம்மா. உள்ள நூத்துக்கணக்குல இழை இருக்கு. வெளிய இருக்கிற உறையைத்தான் நாங்க தைக்க முடியும். உள்ள எந்த இழை எதோட போய்ச் சேரும்னு எங்க கையில இல்ல."

எனக்கு அது உடனே புரிந்தது. டெலிபோன் கேபிளை வெட்டி, கம்பிகளின் நிறம் பார்க்காமல் சேர்த்து ஒட்டுவது போன்றது. மணி அடிக்கும். யார் வீட்டில் அடிக்கும் என்பதுதான் தெரியாது.

அப்படியேதான் ஆனது. முதல் சில மாதங்கள் மூன்று விரல்களும் வேறு யாருடையதோ போலத் தொங்கின. அதன்பிறகு உணர்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. திரும்பியது தப்பாகத் திரும்பியது. சுட்டுவிரலைத் தொட்டால் நடுவிரலில் தெரியும். கட்டைவிரல் நுனியை அழுத்தினால் உள்ளங்கையில் எங்கோ எறும்பு ஊறும். சூடு பாதி தெரியும், பாதி தெரியாது. ஒருநாள் பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"தோலு வழண்டு கெடக்குடி. ஒனக்குத் தெரியவே இல்லையா?"

"இல்ல."

அம்மா அழுகிற ஆள் இல்லை. மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு ஒவ்வொரு பொருளாகக் கையில் கொடுப்பாள். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுத்தவர் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார். பஞ்சு, சாவி, புளியங்கொட்டை, ஜெபமாலை. நான் உருட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"என்னது?"

"பஞ்சு."

"பஞ்சா? உப்புத்தாளுடி இது. மறுபடி சொல்லு."

இரண்டு வருடம் விடுமுறைகளில் எல்லாம் இது நடந்தது. சாவி தெரிய ஆரம்பித்தது. புளியங்கொட்டைக்கும் ஜெபமாலை மணிக்கும் வித்தியாசம் கடைசிவரை தெரியவில்லை. ஒருநாள் அம்மா துணியை மடித்து வைத்துவிட்டு, "இம்புட்டுப் போதும்" என்றாள். அதோடு நின்றது.

படிப்பு முடிந்ததும் மாப்பிள்ளை பார்த்தார்கள். சாணார்பட்டிப் பக்கத்துக் குடும்பம். பூசை முடிந்து ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். காபித் தட்டை நான்தான் கொண்டுபோனேன். தட்டு நழுவாமல் இருக்க விரல்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். டம்ளரை எடுத்துக் கொடுக்கும்போதும் விரல்களையே பார்த்தேன். மாப்பிள்ளையின் அத்தை அம்மாவிடம், "பிள்ள தலையே நிமிரலையே. இந்தக் காலத்துல இம்புட்டு அடக்கமா!" என்றாராம். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. பொய்யில் ஒரு காரியம் தொடங்கக் கூடாது என்று அன்றைக்கே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர்கள் ரொம்ப மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு தகவல் இல்லை. அதற்கப்புறம் இரண்டு இடம் அதே மாதிரி. எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அப்பாவுக்குத்தான் இருந்தது. அவர் காலமான பிறகு அந்தப் பேச்சை அம்மா எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

திண்டுக்கல்லுக்கு வெளியே, வெங்காயமும் சோளமும் விளைந்த காட்டில் புதிதாக எழும்பிய ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அந்த வருடங்களில் அப்படிப் பல கல்லூரிகள் எழும்பின. காலையில் கல்லூரிப் பேருந்து, மாலையில் கல்லூரிப் பேருந்து. கையைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சாக்பீஸைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்பேன், அது அடிக்கடி ஒடியும். மாணவர்கள் என்னைக் கோபக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே மெக்கானிக்கல் துறையில் ஒருவர் இருந்தார். திண்டுக்கல் பேகம்பூர்க்காரர். அவர் குடும்பத்தில் எல்லோரும் தோல் பதனிடும் தொழிலில் இருந்தவர்கள். இவர் மட்டும் படித்து வாத்தியாரானார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், எதையும் சத்தமாகச் சொல்லும் பழக்கம் உள்ளவர். கல்லூரியில் தொழில்நுட்பக் கண்காட்சி நடத்தப் போவதாக அறிவிப்பு வந்தபோது, அவர் ஒரு இயந்திரக் கையைச் செய்ய ஆரம்பித்திருந்தார். அலுமினியத் துண்டுகளில் விரல்கள், சைக்கிள் பிரேக் கம்பியில் தசைநார்கள், இழுக்க மோட்டார்கள். கை நன்றாக மடங்கியது. ஆனால் எதைக் கொடுத்தாலும் நசுக்கியது. ஒரு கூடை தக்காளியை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நசுக்கிவிட்டு, எங்கள் துறைக்கு வந்தார்.

"மேடம், என் கை ரொம்ப முரட்டுக் கை. எப்ப நிறுத்தணும்னு அதுக்குத் தெரியல. உங்க டிபார்ட்மென்ட்லதான் வழி இருக்கு."

அவர் சட்டை முழுக்கத் தக்காளி விதை. நான் சிரிக்கவில்லை. அந்தக் கை ஏன் நசுக்குகிறது என்பது எனக்குத் தெரியும். தொட்டது தெரியாத கை, விழுந்துவிடுமோ என்று பயந்து இறுக்கத்தான் செய்யும். சாக்பீஸ் ஒடிவதும் அதனால்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. "பார்க்கலாம் சார்" என்று மட்டும் சொன்னேன்.

விரல் நுனியில் ஒட்டும்படி மெல்லியதாக, வளைகிற மாதிரி, அழுத்தினால் மின்சாரத்தில் மாற்றம் காட்டும் ஒன்று வேண்டும். வெளிநாட்டில் கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்காது. முதலில் எலக்ட்ரானிக் சிப்புகளைக் கால் வளையாமல் குத்தி அனுப்பும் கறுப்பு ஸ்பாஞ்சை எடுத்து வெட்டினேன். அதில் கரி கலந்திருக்கும். அழுத்தினால் கரித்துகள்கள் நெருங்கும், மின்சாரம் அதிகமாகப் போகும். ஆனால் அது ஒரு தடவை அமுங்கினால் எழுந்திருக்க நேரம் எடுத்தது. தக்காளியை விட்ட பிறகும் பிடித்திருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில், உதிரி பாகங்களைச் சுற்றி அனுப்பும், கரி கலந்த கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் கிடைத்தது. குப்பையில் போட வைத்திருந்ததை அள்ளிக் கொடுத்தார்கள். அதை நகத்தளவு வெட்டி, இரண்டு மெல்லிய செம்புத் தகட்டுக்கு நடுவில் வைத்துப் பார்த்தேன். உடனுக்குடன் சொன்னது. காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் கனம்.

அதற்கும் கோளாறு இருந்தது. காலையில் ஒரு அளவு காட்டும். வெயில் ஏறினால் வேறு அளவு காட்டும். ஒட்டினால் வளையும் இடத்தில் செம்பு வெடித்துவிடும். ஒட்டாமல் தைக்கலாம் என்று தோன்றியது. அந்தத் தையல் என் விரல்களால் ஆகாது. வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். மெக்கானிக்கல்காரர் இயந்திரக் கைக்கு மாட்டத் தன் மாமாவிடமிருந்து மெல்லிய ஆட்டுத்தோல் கையுறை ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதன் விரல் நுனிகளின் உட்பக்கம் சின்னச் சின்னப் பைகள் தைத்து, ஷீட் உள்ளே கொஞ்சம் அசையும்படி அம்மா செய்து கொடுத்தாள். கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கைக்கு?" என்று கேட்டாள்.

"வலது கைக்கு."

"அதான் கேட்டேன்" என்றாள்.

கல்லூரியில் நிலைமை வேறாக இருந்தது. நிர்வாகத்துக்கு இயந்திரக் கை மட்டும் போதவில்லை. பேனரில் 'வெர்ச்சுவல் ரியாலிட்டி' என்று போட ஆசைப்பட்டார்கள். எனவே ஒரு மாணவியை வைத்துக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கை வரைந்தோம். கையுறையின் முதுகுப் பக்கமும் அதே ஷீட்டைப் பட்டையாக வைத்ததால், அதைப் போட்டுக்கொண்டு விரலை மடக்கினால் திரையில் உள்ள கையும் மடங்கும். அங்கே ஒரு பந்து இருக்கும், அதைப் பிடிக்கலாம். பிடித்தவருக்குப் பிடித்தது தெரிய வேண்டுமே? செத்துப்போன செல்போன்களிலிருந்து, அழைப்பு வந்தால் அதிருமே, அந்தக் குட்டி மோட்டாரைக் கழற்றி முழங்கைக்குக் கீழே ஒரு பட்டையில் வரிசையாக வைத்தோம். கட்டைவிரல் தொட்டால் ஒரு மோட்டார், சுட்டுவிரல் தொட்டால் இன்னொன்று. இறுக்க இறுக்க அதிர்வு கூடும்.

அந்த நாட்களில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. நான் சர்க்யூட் போர்டில் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து பிரேக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். ஏதோ கருகுகிற வாடை வந்தது. சர்க்யூட்டில் ஏதோ போய்விட்டது என்று குனிந்து பார்த்தேன்.

"யா அல்லா! மேடம், கை! கையை எடுங்க!"

சுட்டுவிரல் சூட்டுக்கோலின் மேல் இருந்தது. எடுத்தேன். அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் பயந்தார். சொல்ல வேண்டியதாயிற்று. ஜன்னல், கண்ணாடி, நரம்பு என்று மூன்று நான்கு வாக்கியத்தில் சொன்னேன். அவர் மேசைமேல் கிடந்த கையுறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற பந்தைப் பிடிக்கிறதுக்கா இம்புட்டும் செஞ்சோம்? நீங்க போட்டுப் பாருங்க மேடம்."

உடனே போடவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். காரணம் கேட்டால் விரல் புண் ஆறட்டும் என்றேன். உண்மையில், வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்பதைவிட, வேலை செய்தால் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. உணர்வில்லாத இந்தக் கைக்குப் பழகி எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது.

ஒரு மத்தியானம், ஆய்வகத்தில் மாணவர்கள் இல்லாத நேரத்தில் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடச் சொன்னார். கையில் எதையோ வைத்தார். முன்கையில் இரண்டு இடத்தில் அதிர்ந்தது. கட்டை, சுட்டு. கொஞ்சம் மடக்கினேன். நடுவிரல் மோட்டாரும் சேர்ந்துகொண்டது. இன்னும் மடக்கினேன், அதிர்வு ஏறியது. அங்கே நிறுத்தினேன். கண்ணைத் திறந்தால் தக்காளி. நசுங்கவில்லை. ஜன்னலுக்குப் பிறகு, பார்க்காமல் அந்தக் கையால் ஒரு பொருளை அளவாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"எப்படி இருக்கு மேடம்?"

"தெரியுது சார். தொட்ட மாதிரி இல்ல. யாரோ பக்கத்துல நின்னு, தொட்டாச்சு, தொட்டாச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மேசையைத் தட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அது ஒரு கணக்கு சரியாக வந்த சந்தோஷம். அதை மட்டும்தான் நான் எதிர்பார்த்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

கண்காட்சிக்குக் கூட்டம் வந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள், பெற்றோர்கள், நத்தத்திலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள். அந்த மாணவி கையுறையைப் போட்டுக்கொண்டு நிற்க, அவள் கை மடங்கினால், நுனிகளில் அதே ஷீட் ஒட்டிய அலுமினியக் கையும் மடங்கித் தக்காளியை எடுத்து, நசுக்காமல் ஒரு தட்டில் வைத்தது. கைதட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டே, "இதுனால சாதாரண ஜனங்களுக்கு என்ன சார் பிரயோசனம்?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மெக்கானிக்கல்காரர் உற்சாகத்தில் என் பக்கம் கையைக் காட்டினார்.

"என்ன பிரயோசனமா? இந்த மேடத்துக்கே வலது கையில உணர்ச்சி கிடையாது. இதைப் போட்டுக்கிட்டு கண்ணை மூடித் தக்காளி பிடிச்சாங்க. நான் பார்த்தேன்!"

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். மாணவர்களும். பத்திரிகைக்காரர் கேமராவை எடுத்தார். நான் "போட்டோ வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எங்கள் துறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் பின்னாலேயே வந்தார். "தப்பா நினைக்காதீங்க, நல்லதுக்குத்தானே..." என்று ஆரம்பித்தார். "சார், அது என்னோட விஷயம்" என்றேன். பல வாரங்கள் அவரிடம் பேசவில்லை. பேருந்தில் அவர் முன்னால் உட்கார்ந்தால் நான் பின்னால் போய்விடுவேன்.

படம் இல்லாமல் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆட்கள் அம்மாவைச் சுற்றிக்கொண்டார்கள். எங்கள் மூத்த உறவுக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் என் கோபத்தைச் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குத் தெரிஞ்சா இப்ப என்ன? ஒளிச்சு வச்சு என்னத்தக் கண்டோம்?"

"என்னைக் கேக்காம சொன்னது தப்பும்மா."

"தப்புதான். நான் இல்லைன்னு சொல்லலையே. அந்தக் கொத்தமல்லிய ஆஞ்சு குடு."

சில வாரம் கழித்து, வகுப்பு முடிந்து வந்தபோது துறை வாசலில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். சாணார்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார்கள். ஒருத்திக்கு என் வயது இருக்கும். கூட வந்தது அவள் நாத்தனார். வயதொத்தவள் வலது மணிக்கட்டை நீட்டினாள். குறுக்கே ஒரு தழும்பு. காற்றில் மாட்டுக் கொட்டகைத் தகரம் பிரிந்து விழுந்து கிழித்ததாம். மதுரையில் தைத்திருந்தார்கள்.

"பூக்கட்டுற பொழப்பு டீச்சரம்மா. மல்லி, முல்லை, கனகாம்பரம் எல்லாம் கட்டுவேன். இப்ப நார் எங்க இருக்கு, மொட்டு எங்க இருக்குன்னு வெரலுக்குத் தெரிய மாட்டேங்குது. பேப்பர்ல உங்களப் பத்திப் போட்டிருந்துச்சுன்னு டீக்கடையில படிச்சுச் சொன்னாக. அந்த கிளவுசு எனக்கு ஒண்ணு செஞ்சு குடுப்பீகளா?"

நாத்தனார் கையிலிருந்த பையைத் திறந்தாள். ஈரத் துணியில் மல்லிகை மொட்டும் ஒரு சுருள் வாழைநாரும். கையோடு கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்றே வந்திருக்கிறார்கள்.

ஆய்வகத்துக்கு அழைத்துப்போய்க் கையுறையைப் போட்டுவிட்டேன். பட்டையைக் கட்டினேன். முதலில் மேசையில் இருந்த என் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தேன், அதிர்ந்தது. அவள் முகம் மலர்ந்தது. "ஆத்தி! கூப்புடுதே!" என்றாள். பிறகு மொட்டை எடுத்தாள். அதிரவில்லை. மறுபடி எடுத்தாள். ஒன்றும் இல்லை. மல்லிகை மொட்டின் கனம் எங்கள் ஷீட்டுக்குப் போதவில்லை. அதை எழுப்பும் அளவுக்கு அழுத்தினால் மொட்டு வாடிப்போனது. நான் சர்க்யூட்டில் திருகித் திருகிப் பார்த்தேன். திருகினால் மொட்டு இல்லாதபோதும் அதிர்ந்தது. தக்காளி பிடிக்கிற அளவோடு எங்கள் வேலை நின்றிருந்தது.

அவள் கையுறைக்குள் இருந்த தன் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

"உங்க கிளவுசுக்கும் என் வெரலு மாதிரியேதான் இருக்கு. அதுக்கும் பூவு தெரியல!"

நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்தேன். மன்னிப்பு கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, "உங்க கையக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். தழும்பைத் தடவினாள். என் சுட்டுவிரல் நுனியை அழுத்தினாள்.

"தெரியுதா?"

"தெரியுது. ஆனா இந்த விரல்ல இல்ல. பக்கத்து விரல்ல."

அவள் என் கையை விடாமல் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியா! நான் சொன்னா பேய்க்கதை பேசுறேன்னீகளே எல்லாரும்!" பிறகு என்னிடம் தன் விரல்களை நீட்டினாள். அவளுக்கு நடுவிரலைத் தொட்டால் கட்டைவிரலில் தெரிந்தது. வீட்டில் யாரும் நம்பவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தொட்டுச் சொன்னோம். ஒருத்திக்கு ஒருத்தி மாறி மாறி. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இல்லை என்று பார்த்தோம். டாக்டர்கள் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள், குறித்தும் வைத்திருக்கிறார்கள். இப்படி இருக்கிற இன்னொரு ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை.

அவர்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். மெக்கானிக்கல்காரர் பட்டறை வாசலில் நின்றிருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பேப்பர்ல வந்ததைக் கேட்டுத்தான் வந்தாங்களா மேடம்?"

"ஆமா."

"நான் அன்னைக்கு உங்களக் கேட்டிருக்கணும். கேக்காம சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

"சொன்னது தப்பு சார். அவங்க வந்தது நல்லது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்ப வேண்டாம்" என்றேன். பிறகு மொட்டு அதிராத கதையைச் சொன்னேன். அவர் உடனே ஷீட்டை எவ்வளவு மெல்லியதாக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். பழையபடி சத்தமாக.

ஆனால் அவர் அதிக நாள் இருக்கவில்லை. அடுத்த வருடம் சார்ஜாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இயந்திரக் கை சில காலம் முதல்வர் அறைக்கு வெளியே கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பிறகு கம்பிகளை மாணவர்கள் வேறு எதற்கோ எடுத்துக்கொண்டார்கள். நான் மதுரையில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். தலைப்பை ஆங்கிலத்தில் நீளமாக எழுத வேண்டியிருந்தது. எழுதாமல் விட்டது ஒன்றுதான். மல்லிகை மொட்டை உணரும் அளவுக்கு மெல்லிய, வளையும் ஒரு சென்சார்.

ரப்பர் பாலில் கரித்தூளைக் கலந்து கண்ணாடிமேல் ஊற்றி, காய்ந்ததும் தோல் போல உரித்தெடுப்பேன். கரி கொஞ்சம் கூடினால் முரடாகிவிடும், குறைந்தால் மின்சாரம் போகாது. மேசையில் விரித்து, மேலே மொட்டு வைத்தால் சொல்லும்படி ஒரு தோலைக் கொண்டுவர மூன்று கோடை போனது. அதை விரலில் சுற்றினால் வேறு பிரச்சினை. விரல் மடங்குவதையே தொடுவதாக எடுத்துக்கொண்டது. மடக்கு எது, தொடுதல் எது என்று பிரிக்க இன்னொரு அடுக்கு தேவைப்பட்டது. அம்மா இதை எல்லாம் கேட்டுவிட்டு, "சாமி குடுத்த தோலுக்கு எத்தனை அடுக்கு இருக்கும்?" என்று கேட்டாள். எண்ணிச் சொன்னேன். "அப்ப நீயும் அத்தனை போடு" என்றாள்.

அத்தனை போட முடியவில்லை. மூன்று அடுக்கு வைத்த ஒரு தோல் சுமாராக வந்தது. கையுறை வேண்டியதில்லை, விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் உறைபோல இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பூக்காரியைத் தேடிப் போனேன். இடைப்பட்ட காலத்தில் இரண்டு மூன்று தடவை கல்லூரிக்கு வந்துபோயிருந்தாள். இப்போது திண்டுக்கல்லிலேயே கடை போட்டிருந்தாள். நாத்தனார் பின்னால் உட்கார்ந்து கட்டினாள், இவள் முன்னால் நின்று விற்றாள். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

உறைகளை மாட்டி, முன்கையில் மோட்டார் பட்டையைக் கட்டிவிட்டேன். அவள் ஒரு மொட்டை எடுத்தாள். முன்கையைக் குனிந்து பார்த்தாள்.

"வருது டீச்சரம்மா!"

நாரை வளைத்து மொட்டை வைத்தாள். இன்னொன்று வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று வைத்தாள். அதிர்வுக்காகக் காத்திருந்து, வந்ததும் சுருக்கிட்டு இழுத்தாள். சரியாக விழுந்தது. நாத்தனார் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் கட்டுவதற்குள் நானும் நாத்தனாரும் டீ குடித்து முடித்திருந்தோம்.

அவள் கட்டினதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது என்பது தெரிந்தது. ஆனால் அவள் வியாபாரி.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை மாட்டிக்கிட்டு நான் ஒரு மொழம் கட்டுறதுக்குள்ள பூவு விரிஞ்சிருமே! இன்னும் கொஞ்சம் வெரசாச் சொல்ற மாதிரி ஆக்க முடியுமா?"

"பார்க்கிறேன்" என்றேன். முடியுமா என்று எனக்கே தெரியாது. அதிர்வு தாமதமாக வருவது மோட்டாரின் குறையா, சென்சாரின் குறையா என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அதற்குள் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டுக் கல்யாண மாலைக்கு விலை கேட்டார். அவள் உறைகளையும் பட்டையையும் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.